சான்ஷோவின் பண்ணை: ஒரு ஜப்பானியப் படம் சொல்லும் பாடம்

(சங்கக் கட்டிடத்தில் படம் காட்டிய மறுநாள் மாலைக் கூட்டத்தில் பேசியது)



நேற்று இரவு இதே இடத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு ஜப்பானியப் படம் பார்த்தோம். பாஷை நமக்குத் தெரியாது. கலர் கிடையாது. குத்துச் சண்டை கிடையாது. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. விளக்குப் போட்டபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அப்போது இரண்டு கேள்விகள் வந்தன. ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்டார்: "அடிமைகளை விடுதலை செய்த கையோடு அந்தப் பிள்ளை ஏன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்? அவன் போன பிறகு அந்த உத்தரவை யார் காப்பாற்றுவார்கள்?" விவசாயத் தொழிலாளியான பெரியவர் ஒருவர் கேட்டார்: "தன்னைப் போன்ற ஒரு கிழவன் நெற்றியில் சூடு போட்டானே, அவனை எப்படி அய்யா நல்லவன் என்பது?"

நேரமாகிவிட்டதென்று அவசரமாக ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, சொன்ன பதில் சரியில்லை என்று பட்டது. ஆகவேதான் இன்று மறுபடி பேச வந்திருக்கிறேன்.

கதை என்ன?

இரவு ஷிப்டு காரணமாகப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். படத்தின் பெயர் 'சான்ஷோ தாயு'. பண்ணைக் காரியஸ்தன் சான்ஷோ என்று சொல்லலாம். 1954இல் வெளிவந்தது. டைரக்டர் கென்ஜி மிஸோகுச்சி. அந்த ஆண்டு இத்தாலியில் வெனிஸ் நகரத்துப் படவிழாவில் வெள்ளிச் சிங்கம் என்ற பரிசு பெற்ற படங்களில் இதுவும் ஒன்று.

கதை நடப்பது சுமார் 900 ஆண்டுகளுக்கு முன். ஒரு மாகாண கவர்னர் குடியானவர்களைக் கசக்கிப் பிழிய மறுக்கிறார். மேலிடம் அவரை நாடு கடத்துகிறது. புறப்படும்போது மகன் ஜூஷியோவிடம் கருணைத் தெய்வமான கன்னோனின் சிறு சிலையைக் கொடுத்து, இரக்கமில்லாதவன் மனிதனே அல்ல, மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

சில ஆண்டுகள் கழித்துத் தாய் தமாகி, மகன் ஜூஷியோ, மகள் அஞ்சு, ஒரு வேலைக்காரி, நால்வரும் அவரைத் தேடிக் கால்நடையாகக் கிளம்புகிறார்கள். ஆள் பிடிப்பவர்கள் நடமாடும் பிரதேசம். அந்நியருக்கு யாரும் திண்ணை கொடுப்பதில்லை. மரக்கிளைகளை ஒடித்துக் குடிசை போட்டு வெட்டவெளியில் படுக்கிறார்கள். பக்தி வேஷம் போட்ட ஒரு கிழவி வந்து, அன்பாகப் பேசி அழைத்துப்போய்க் காட்டிக்கொடுக்கிறாள். கடற்கரையில் தாயை ஒரு படகில் தள்ளுகிறார்கள். பிள்ளைகள் கரையில் நின்று கதறுகிறார்கள். வேலைக்காரி கடலோடு போகிறாள். தாய் சாதோ தீவில் விலைமாதாக விற்கப்படுகிறாள். பிள்ளைகள் தாங்கோ மாகாணத்தில் சான்ஷோவின் பண்ணைக்கு அடிமைகளாகிறார்கள்.

யார் இந்தச் சான்ஷோ? அவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் அல்ல. நிலம் தலைநகரில் இருக்கும் பெரிய மந்திரிக்குச் சொந்தம். மந்திரி பண்ணையை எட்டிப் பார்ப்பதில்லை. தூதரை அனுப்புகிறார். தூதர் வரும்படியைப் பார்த்து, சான்ஷோவைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார். அந்தக் காலத்து ஜப்பானில் இப்படிப்பட்ட தனிப்பண்ணைகள் ஏராளம். சர்க்காரின் வரியும் கவர்னரின் அதிகாரமும் அவற்றின் வாசலோடு நின்றுவிடும். உள்ளே காரியஸ்தன் வைத்ததே சட்டம். ஓடிப்போகப் பார்த்தவனுக்கு நெற்றியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு!

அந்தக் கொடுமையைச் செய்ய மறுத்தவன் ஒருவன் உண்டு. சான்ஷோவின் சொந்த மகன் தரோ. தகப்பன் சொல்லியும் கேளாமல் வீட்டை விட்டே போய்விடுகிறான்.

சூடு போட்ட கை

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

பத்து வருஷம் ஓடுகிறது. கவர்னரின் மகன் ஜூஷியோ என்ன ஆனான்? சான்ஷோவின் கையாள் ஆனான். காரியஸ்தனின் மகன் மறுத்த அதே வேலையை அடிமையான இவன் செய்கிறான். கிழவர் ஒருவர் ஓடப் பார்த்துப் பிடிபடுகிறார். ஜூஷியோ இரும்பை எடுத்து அவர் நெற்றியில் வைக்கிறான். அவன் முகத்தில் அப்போது ஒன்றுமே இல்லை. அதுதான் பயங்கரம்.

நேற்று நான் "சூழ்நிலை அவனைக் கெடுத்தது" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது போதாது. என் கதையையே சொல்லுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் ஆஜர்ப் பட்டி எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கால் மணி தாமதமாக வந்தால் அரைநாள் கூலி வெட்டு. ஒரு நாள், காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்த ஓர் அம்மாளுக்கு வெட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீயும் நம்ம தெருப் பிள்ளைதானே, தம்பி" என்றார். காண்டிராக்டர் சொன்னார், நான் எழுதினேன். ஆனால் பேனா பிடித்த கை என்னுடையதுதானே? அந்த வேலையை விட்டுப் பல வருஷமாகியும் அந்தக் குரல் என்னை விடவில்லை.

பண்ணையை நடத்துவது சான்ஷோ ஒருவனால் ஆகிற காரியமா? நூறு பேரை ஒருவன் அடக்க முடியாது. நூறில் ஐந்து பேரை எடுத்து, அவர்கள் கையில் இரும்பைக் கொடுத்தால் முடியும். ஜூஷியோ செய்தது குற்றம். சூழ்நிலை என்று சொல்லி அதைத் துடைத்துவிட முடியாது. ஆனால் அவன் திரும்புகிறான். எப்படித் திரும்புகிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நமிஜி என்ற நோயாளிப் பெண்ணை மலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரச் சொல்லுகிறார்கள். அண்ணன் தங்கை இருவரும் போகிறார்கள். அவளுக்கு நிழல் போடக் கிளை ஒடிக்கிறார்கள். கிளை முறியும்போது இருவரும் தடுமாறி விழுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் தாயோடு குடிசை போட்ட இரவும் இப்படித்தான் விழுந்தார்கள்! அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தன்னை நினைவு வருகிறது. தகப்பனின் உபதேசம் பத்து வருஷமாகச் செய்யாததைத் தங்கையோடு சேர்ந்து ஒடித்த ஒரு கிளை செய்துவிட்டது. நமிஜியைத் தோளில் போட்டுக்கொண்டு தப்புகிறான்.

அஞ்சு பின்தங்குகிறாள். சித்திரவதையில் அண்ணன் போன வழியைச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சி, ஏரியில் இறங்கி உயிரை விடுகிறாள். அவள் சாவைப் படம் காட்டவில்லை. தண்ணீரில் விரியும் வட்டங்களை மட்டும் காட்டுகிறது. கொட்டகையில் நேற்று மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

உத்தரவும் ராஜினாமாவும்

அடுத்தது சகோதரியின் கேள்வி.

ஜூஷியோ தலைநகருக்குப் போய் முறையிடுகிறான். சிலையைக் கண்டு அவன் யார் மகன் என்று தெரிந்துகொள்கிறார்கள். தகப்பன் இறந்துபோன செய்தியும் அங்கேதான் கிடைக்கிறது. அவனையே தாங்கோவின் கவர்னராக்குகிறார்கள். தனிப்பண்ணையில் கை வைக்க உனக்கு அதிகாரமில்லை என்று முன்னாலேயே எச்சரிக்கையும் செய்கிறார்கள். அவன் கேட்கவில்லை. எல்லா நிலத்திலும் அடிமை முறை ஒழிந்தது என்று உத்தரவு போடுகிறான். சான்ஷோவின் ஆட்கள் அறிவிப்புப் பலகைகளைப் பிடுங்கி எறிகிறார்கள். ஜூஷியோ நேரே போய்ச் சான்ஷோவைப் பிடித்து நாடு கடத்துகிறான். விடுதலையான ஜனங்கள் குடித்துக் கூத்தாடிப் பண்ணை வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். அவனோ பதவியைத் துறந்துவிட்டுத் தாயைத் தேடிப் போகிறான்.

நேற்று நான் "அது தியாகம்" என்றேன். தியாகம்தான். ஆனால் சகோதரி கேட்டது அதுவல்லவே! அடுத்த கவர்னர் வந்து, மந்திரியின் தூதரும் வந்து, இன்னொரு சான்ஷோவை உட்கார வைத்தால் என்ன ஆகும்? படம் இதற்குப் பதில் சொல்லவில்லை.

இந்தக் கதை பழைய கதை. கிராமங்களில் கதைபாடிகள் சொல்லி வந்தது. அந்தப் பழங்கதையில் மூங்கில் ரம்பத்தால் சான்ஷோவின் கழுத்தை அறுத்துப் பழி தீர்க்கிறார்கள். 1915இல் மோரி ஓகாய் என்ற பிரபல எழுத்தாளர் இதைச் சிறுகதையாக எழுதினார். ரம்பத்தை எடுத்துவிட்டார். அவர் கதையில், அடிமை முறை ஒழிந்ததும் சான்ஷோ தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்கத் தொடங்குகிறான். முதலில் நஷ்டம் போலத் தெரிகிறது. பிறகு சாகுபடியும் கைத்தொழிலும் பெருகி, அவன் குடும்பம் முன்னைவிடப் பணக்காரக் குடும்பமாகிறது!

சிரிக்கிறீர்கள். கூலிக்காரர்களான நமக்கு அந்த வரியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

1954இல் மிஸோகுச்சி இரண்டு முடிவையும் விட்டுவிட்டார். அந்த ஆண்டு ஜப்பானியக் கொட்டகைகளில் இதைப் பார்த்த குடியானவர்களை நினைத்துப் பாருங்கள். யுத்தத்துக்கு முன் அந்த நாட்டு விளைநிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைய குத்தகை நிலம். விளைச்சலில் ஏறக்குறையப் பாதி மிராசுதாருக்கு. 1946இல் தொடங்கி 1950க்குள் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் குத்தகை நிலம் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அமெரிக்க ராணுவ ஆட்சியின் உத்தரவால் வந்தது என்பார்கள். உத்தரவு வந்தது உண்மை. ஆனால் 1922லேயே ஜப்பானில் விவசாயிகள் சங்கம் அமைத்து, குத்தகையைக் குறை என்று போராடிச் சிறை போனவர்கள் இருந்தார்கள். சீர்திருத்தம் நடந்தபோது கிராமந்தோறும் நிலக் கமிட்டிகளில் குத்தகைதாரர்களே உட்கார்ந்தார்கள். உத்தரவைக் காப்பாற்ற ஆள் இருந்தது. ஜூஷியோவின் உத்தரவுக்கு அப்படி ஆள் இல்லை. சகோதரியின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மிஸோகுச்சி 1898இல் பிறந்தவர். தகப்பன் தொழில் நொடித்து, குடும்பம் வறுமையில் விழுந்தபோது அவருடைய அக்காவைத் தத்துக் கொடுத்தார்கள்; அவர் கெய்ஷாவானார். விற்கப்பட்ட பெண்களின் துயரம் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. 1956இல் வந்த அவருடைய கடைசிப் படமும் விலைமாதர் தெருவைப் பற்றியதே. அதே ஆண்டு மே மாதம் ஜப்பான் பார்லிமெண்டில் விபசாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் அவர் காலமானார்.

கடைசியில் சாதோ தீவின் கடற்கரை. கண் தெரியாத கிழவி ஒருத்தி பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருக்கிறாள். ஓடப் பார்த்ததற்காகக் கால் நரம்பை அறுத்துவிட்டிருக்கிறார்கள். கினுயோ தனாகா என்ற நடிகை அந்தத் தாயாகவே இருந்தார். மகன் வந்து அழைத்தும் நம்ப மறுக்கிறாள். சிலையைத் தடவிப் பார்த்த பிறகே நம்புகிறாள். தகப்பனும் தங்கையும் இல்லை என்று சொல்லி அவன் அழுகிறான். பக்கத்தில் ஒருவன் கடற்பாசியை உலர்த்திக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அன்றைய வேலை இருக்கிறது.

பெரியவரே, சூடு போட்டவனை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் உரிமை. அந்தக் கிழவரின் நெற்றித் தழும்பு விடுதலை உத்தரவால் மறையவில்லை. நான் கேட்பது ஒன்றே. நம்மில் யார் கையிலாவது இரும்பையோ பேனாவையோ கொடுத்து, "உன் ஆளை நீயே அடக்கு" என்று சொன்னால், அந்த நிமிஷத்தில் தரோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதமும் படம் உண்டு. கேள்விகளோடு வாருங்கள். இந்தத் தடவை அவசரமாகப் பதில் சொல்ல மாட்டேன்.