ஆறாவது தீர்மானம் பற்றி

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஆறாவது தீர்மானம் பற்றி மட்டும் பேசுகிறேன். கல்யாணமாகாத பையன்களுக்கு இனி வீடு வாடகைக்கு விடக்கூடாது, இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்கிறார்கள். நான் இதை எதிர்க்கிறேன்.

‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று ஆரம்பித்துப் பல புகார் சொன்னீர்கள். முதல் புகார், பகல் பதினோரு மணி வரை தூங்குகிறார்கள் என்பது. ஐயா, விடிகாலையில் நம் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்பதை வாக்கிங் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் அதிலிருந்து இறங்குகிறார்கள். அவர்கள் பகலில் தூங்காமல் வேறெப்போது தூங்குவது? பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டினால் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிற பிள்ளை எங்கே போகும்?

ஒரு வேலையில் நிலைப்பதில்லை என்பது அடுத்த புகார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் வந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். அங்கே நிலைக்காமல் போனது கம்பெனி. அதைப் பார்த்து வளர்ந்தவன் நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டு வைக்கத்தான் செய்வான்.

நம் ஊர்த் தொழிலை மதிக்கவில்லை, தறியை விட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் நெசவு வீட்டில் பிறந்தவன். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஒற்றை ஆளாக அதை நெய்வது பெரும்பாடு. பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையின் கை. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது நாங்கள் தறியில் உட்கார்ந்திருப்போம். கூலி, புடவைக்கு இவ்வளவு என்றுதான். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். பட்டு விலை ஏறினால் பாவு கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ‘நீயாவது படித்து வெளியே போடா’ என்று நம் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பி அனுப்பினோம். நல்ல காரியம்தான் செய்தோம். அப்புறம் ஏன் போனாய் என்று கேட்டால் அது என்ன நியாயம்? (விசைத்தறிப் புடவை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிற வீடுகளும் இங்கே உண்டு. பெயர் சொல்லவில்லை.)

அத்திவரதரை நினைத்துப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நம் சின்ன காஞ்சிபுரம் மூச்சு முட்டியது. அந்த நெரிசலில் வழி சொன்னதும், தண்ணீர் கொடுத்ததும், மயங்கி விழுந்தவர்களைத் தூக்கியதும் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். 1979-ல் வரதர் எழுந்தருளியபோது இங்கே இருக்கிற பலர் அந்த வயதில்தான் இருந்தோம். ‘தறிகெட்ட பசங்க’ என்று நம்மைப் பற்றியும் அப்போது திண்ணையில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்தது 2059. அதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் போடுகிறார்கள், பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறார்கள் என்ற குறை உண்மைதான். மூன்றாவது மாடியில் அது நடந்தது. யார் செய்தாரோ அவரைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், அபராதம் போடுங்கள். என் வயதுக்காரர் ஒருவரும் காரைக் குறுக்கேதான் நிறுத்துகிறார். அதற்காக அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீடு கிடையாது என்று தீர்மானம் போட்டோமா? கடைக்காரப் பையன் ‘பெரிசு’ என்று கூப்பிட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. நாமும் வயதை வைத்து ஆளை எடை போடலாமா?

இன்னொன்று. நம் கமிட்டியில் நாற்பதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. ஆனால் பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று போனிலேயே எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பையன்களின் கதவைத்தான் தட்டுகிறோம்.

என் கோரிக்கை இரண்டுதான். ஆறாவது தீர்மானத்தைக் கைவிட வேண்டும். முப்பது வயதுக்கு உட்பட்ட இருவரை, வாடகைக்கு இருந்தாலும் பரவாயில்லை, இந்த ஆண்டே கமிட்டியில் சேர்க்க வேண்டும். கூட்டத்தை ஞாயிறு காலை வைக்காமல் மாலையில் வைத்தால் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களும் வர முடியும். செயலாளர் அம்மா இதை ஓட்டுக்கு விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.