ஆறு சுமந்து செல்லும் கரிமம்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன். ஆறுகளை ஆராயும் அறிவியல் அறிஞன் அல்லன். ஆயினும் இருப்பு வேறு, ஓட்டம் வேறு என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. காடுகளைக் கணக்கிடும்போது இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

1883-ஆம் ஆண்டு சாத்தம் மர அறுவை ஆலை தொடங்கிய காலந்தொட்டு, அந்தமானில் காடு என்றால் மரம், மரம் என்றால் அதன் கன அளவு என்றே கணக்கு எழுதப்பட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுங் கட்டுப்பாடுகளை விதித்தது. இப்போது மரங்களிலும் மண்ணிலும் அடங்கிய கரிமத்தையும் மதிப்பிடுகிறோம். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும் இதுவும் இருப்புக் கணக்குதான்.

ஓட்டத்தைக் காண வட அந்தமானின் கல்பாங் ஆற்றுக்குச் செல்ல வேண்டும். 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடி, திக்லிபூர் அருகே ஏரியல் விரிகுடாவில் கலக்கிறது. மரங்கள் காற்றிலிருந்து பெற்ற கரிமம் மூன்று வடிவங்களில் ஆற்றை வந்தடைகிறது. மட்கிய இலையின் சாறு நீரில் கரைந்து தேநீர் நிறம் தருவது ஒன்று. இலைத்தூளும் மண்ணுமாக அடித்து வரப்படுவது மற்றொன்று. மூன்றாவது கண்ணுக்குப் புலப்படாதது: வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணில் வெளியிடும் கரியமில வாயு மழைநீரில் கரைந்து, பாறையை அரித்து, பைகார்பனேட்டாகக் கடலுக்குச் செல்கிறது. கடலில் அது நெடுங்காலம் தங்கும். மற்ற இரண்டிலும் ஒரு பகுதி வழியிலேயே சிதைந்து மீண்டும் காற்றில் கலந்துவிடும்.

உலக ஆறுகள் ஆண்டுதோறும் கடலில் சேர்க்கும் கரிமம் ஏறத்தாழ 90 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. அமேசான், கங்கை போன்ற பேராறுகளே இதற்குக் காரணம் என எண்ணத் தோன்றும். ஆனால் செங்குத்தான தீவுகளின் சிற்றாறுகள், தம் அளவுக்கு மீறிய வண்டலைக் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. பாதை குறுகியது, சிதைவதற்குள் வண்டல் கடலடியில் புதைந்துவிட வாய்ப்புண்டு.

ஆற்று முகத்தில் அலையாத்திக் காடுகள் சுங்கச்சாவடி போல நின்று வண்டலைப் பிடித்து வைக்கின்றன. 2004-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரை உயர்ந்தது. கடல்நீர் எட்டாமல் அலையாத்தி மரங்கள் பல பட்டுப்போயின. பெரிய நிக்கோபாரிலோ நிலம் தாழ்ந்தது.

அந்தப் பெரிய நிக்கோபாரில்தான் கலாத்தியா ஆறு தெற்கு நோக்கி ஓடி, கலாத்தியா விரிகுடாவில் கலக்கிறது. அங்குத் துறைமுகம் உள்ளிட்ட திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்கெனக் குறிக்கப்பட்டது. ஈடாக அரியானாவில் மரம் வளர்க்கத் திட்டமிடப்பட்டது. திட்டத்தின் தேவையைப் பற்றி நான் இங்கு வாதிட வரவில்லை. ஆனால் கடலற்ற, மழை குறைந்த மாநிலத்தில் நடப்படும் மரம் இருப்பை ஓரளவு ஈடுசெய்யலாமேயன்றி, இந்த ஓட்டத்தை ஈடுசெய்யாது. ஈட்டுத்தொகைப் பட்டியலில் இதற்கென ஒரு பத்தியாவது இருக்க வேண்டாமா?

அளப்பது அரிதன்று. ஆற்று முகத்துக்குச் சற்று மேலே நீர் எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். நீரோட்டத்தின் அளவையும் உடன் குறிக்க வேண்டும். கோடையில் மட்டும் எடுத்த மாதிரி நம்மை ஏமாற்றும். ஆண்டின் சுமையில் பெரும்பகுதி சில வெள்ள நாட்களிலேயே சென்றுவிடக்கூடும். ஆகவே அடைமழையில் போகத் துணியும் மாணவர்களும், அந்நாளுக்குரிய படகுச் செலவை மறுக்காத அலுவலர்களும் தேவை. கலாத்தியாவின் கரைகள் மாறுமுன் ஒரு முழு ஆண்டுக் கணக்கையாவது எடுத்துவிட வேண்டும்.