விழுந்துகொண்டே இருக்கும் பூமி



உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதில் தமிழ்த் தேதியை ஓர் ஆண்டு முழுக்கக் கவனித்துப் பாருங்கள். ஆனி மாதம் பெரும்பாலும் 32 நாள் வரை ஓடும். மார்கழியோ 29 நாளில், மிஞ்சினால் 30 நாளில் முடிந்துவிடும். ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? பஞ்சாங்கம் கணித்தவர்கள் மனம்போனபடி வைத்த எண்ணிக்கையா இது?

இல்லை, நண்பர்களே. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எவ்வளவு காலம் ஆகிறதோ, அதுதான் தமிழ் மாதம். பன்னிரண்டு ராசிக்கும் ஒரே அகலம், ஆளுக்கு 30 பாகை. மிதுனத்தைக் கடக்கச் சூரியனுக்கு 31 நாளுக்கு மேல் அரை நாளும் கூடுதலாகப் பிடிக்கிறது. தனுசைக் கடக்க 29 நாளும் சில மணி நேரமும் போதும். சூரியன் நகர்வதாக நம் கண்ணுக்குத் தெரிவது உண்மையில் பூமியின் நகர்வு. அப்படியானால் ஆனியில் பூமி மெதுவாகப் போகிறது, மார்கழியில் விரைகிறது என்றுதானே பொருள்?

இந்த வேறுபாட்டை இந்த நாட்டுக் கணியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அளந்து, கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பூமியை நடுவில் வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். வேகம் மாறுகிறது என்று கண்டார்கள். எந்த விசை மாற்றுகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. எல்லாமே நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று மேடையில் முழங்குவது எளிது. அப்படி முழங்கினால், அவர்கள் உண்மையிலேயே சாதித்ததையும் யாரும் நம்பமாட்டார்கள்.

காரணத்தைத் தேடிய கதை பிராகு நகரத்தில் தொடங்குகிறது. 1600ஆம் ஆண்டு யோகான்னஸ் கெப்ளர், டைக்கோ பிராஹே என்ற வானியலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தொலைநோக்கி வராத காலம் அது. வெறும் கண்ணாலேயே செவ்வாயின் இருப்பிடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்திருந்தார் டைக்கோ. செவ்வாய் வட்டத்தில் சுற்றுவதாக வைத்துக்கொண்டு கெப்ளர் கணக்குப் போட்டார். கிட்டத்தட்டப் பொருந்தியது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் எட்டுப் பங்குதான் பிசகு. முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசி. வேறொருவராக இருந்தால் அளந்தவர் கை நடுங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லியிருப்பார். கெப்ளர் சொல்லவில்லை. டைக்கோவின் அளவு அவ்வளவு தவறாது என்று நம்பினார். இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் போற்றிய வட்டத்தைத் தூக்கி எறிந்தார். கோள்களின் பாதை நீள்வட்டம், சூரியனை நெருங்கும்போது கோள் விரைகிறது, விலகும்போது தணிகிறது என்று 1609இல் நூல் எழுதி வெளியிட்டார். நம் மார்கழிக்கும் ஆனிக்கும் உள்ள வேறுபாடு அந்த நூலின் விதிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் கோள் ஏன் சுற்றுகிறது? கோள்களைப் பின்னாலிருந்து ஏதோ ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கெப்ளர் நினைத்தார். அந்த இடத்தில்தான் நியூட்டன் வருகிறார். 1684இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குப் போய் அவரிடம் கேட்டார்: தூரம் இரு மடங்கானால் சூரியனின் இழுப்பு நாலில் ஒன்றாகக் குறையும் என்று வைத்துக்கொண்டால், கோளின் பாதை எப்படி இருக்கும்? நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே சொன்னார். ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாராம். தாளைத் தேடினால் கிடைக்கவில்லை. ஹாலி விடவில்லை. எழுதவைத்து, அச்சுச் செலவையும் தாமே ஏற்று, 1687இல் நியூட்டனின் நூலை உலகத்துக்குக் கொண்டுவந்தார். நியூட்டனைக் கொண்டாடும் நாம் ஹாலியையும் கொண்டாட வேண்டும்.

நியூட்டன் கண்டது இதுதான். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, தானாகத் திரும்பாது. தடுக்க ஒன்றும் இல்லையென்றால் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பூமியைப் பின்னாலிருந்து தள்ள யாரும் வேண்டாம். அதன் பாதையை வளைக்கத்தான் ஒரு விசை வேண்டும். அந்த விசை சூரியனின் ஈர்ப்பு.

மாணவர்களே, இந்த எண்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூமி ஒரு நொடியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் முன்னோக்கிப் போகிறது. அதே நொடியில் சூரியனை நோக்கி 3 மில்லிமீட்டர் விழுகிறது. முப்பது கிலோமீட்டருக்கு மூன்றே மில்லிமீட்டர்! அடுத்த நொடி, மறுபடி அப்படியே. அந்தச் சின்னச் சின்ன விழுதல்கள் சேர்ந்து சேர்ந்துதான் ஓர் ஆண்டில் பாதையை முழுச் சுற்றாக வளைத்துவிடுகின்றன. சூரியன் இழுத்தும் பூமி ஏன் விழவில்லை என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே சரியில்லை. பூமி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாக ஓடுவதால், விழுந்தும் சூரியனைத் தொடாமல் போகிறது.

உள்ளிழுக்கும் விசையும் வெளியே தள்ளும் விசையும் சமமாக இருப்பதால் பூமி சுற்றுகிறது என்று நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். யோசித்துப் பாருங்கள், இரண்டும் சமமாகி ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால் பொருள் நேர்கோட்டில் அல்லவா போகும்? வளையவே வளையாதே!

ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜனவரி தொடக்கத்தில், அதாவது மார்கழிக் குளிரில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஆறு மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர் சூரியனை நெருங்கிவிடுகிறோம். (நெருங்கியும் குளிர்வது பூமியின் அச்சுச் சாய்வினால், அது வேறு கதை.) நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. அப்படிக் கூடிய வேகமே பூமியை மறுபடி விலக்கிக் கொண்டுபோகிறது.

சூரியனில் போய் விழுவது எவ்வளவு கடினம் தெரியுமா? இந்தப் பூமியிலிருந்து புறப்படும் எந்தக் கலமும் அந்த 30 கிலோமீட்டர் வேகத்தையும் சுமந்துகொண்டே புறப்படுகிறது. அதைக் குறைத்தால்தான் சூரியனை நெருங்க முடியும். 2018 ஆகஸ்டில் நாசா ஏவிய பார்க்கர் விண்கலம், வெள்ளிக் கோளை ஏழு முறை அணுகிக் கடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கழித்துப் பாதையைச் சுருக்கியது. 2024 டிசம்பர் 24இல் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போனது. அப்போது அதன் வேகம் நொடிக்கு 190 கிலோமீட்டர். அவ்வளவு நெருங்கியும் அது உள்ளே விழவில்லை. அந்த வேகமே அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்துவிட்டது.

பூமிக்கு முதன்முதலில் இந்தப் பக்கவாட்டு வேகம் எங்கிருந்து வந்தது? சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனையும் கோள்களையும் பெற்றெடுத்த வாயு, தூசு மேகம் சுழன்றுகொண்டிருந்தது. அந்தச் சுழற்சிதான் இன்றும் தொடர்கிறது. எட்டுக் கோள்களும் ஒரே திசையில் சுற்றுவது அதனால்தான். விண்வெளியில் பொருட்படுத்தத்தக்க உராய்வு இல்லை. ஆகவே அந்த ஓட்டம் ஓயவில்லை.

இறுதியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈர்ப்பு விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், பலகையில் ஒரு கணக்கைப் போடுங்கள். மரத்திலிருந்து உதிரும் மாம்பழம் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து மாம்பழம் இருக்கும் தொலைவைப் போல நிலவு 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600. அந்த 4.9 மீட்டரை 3,600ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிலவு தன் நேர்கோட்டிலிருந்து ஒரு நொடியில் பூமியை நோக்கி விலகும் தூரமும் அதுவேதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும்.