மாத்திரை அட்டை வாங்கும் முன் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்

(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, கொழுந்து நிறுவை பேசும் மேடையில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைப் பேசலாமா என்று கமிட்டியில் சிலர் கேட்டார்கள். மலையில் கூடை சுமக்கிறவர்கள் பெண்கள். அவர்கள் உடம்பைப் பற்றி சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

1980களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. வேறு வழிகள் இருப்பதாக யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்று எங்கள் அம்மாமார் பலர் இன்றும் சொல்கிறார்கள். அதனால்தான் மாத்திரை என்றதும் லயத்தில் ஆளுக்கொரு கதை பிறக்கிறது. கர்ப்பப்பையில் சேர்ந்து கட்டியாகும் என்கிறார்கள், அது பொய். இனிப் பிள்ளையே தரிக்காது என்கிறார்கள், அதுவும் பொய். மாத்திரையை நிறுத்தினால் மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். சிலருக்கு அடுத்த மாதமே தரித்துவிடும்.

அட்டையில் 28 மாத்திரை. 21 ஹோர்மோன் மாத்திரை, கடைசி 7 இரும்புச்சத்து. அந்த ஏழையும் எறிந்துவிடாதீர்கள். இரத்தம் குறைந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மாத்திரை பாவித்தால் மாதவிலக்குப் போக்கும் குறையும், அது நமக்கு நல்லது. முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், தலைவலி, மார்பு நோவு, இடையிடையே இரத்தம் படுவது வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் காலையில் பெரட்டுக்குப் போகும்போது குமட்டல் குறைவாக இருக்கும். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் விழுங்குங்கள்; அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் விழுங்குங்கள். ஒரே நாளில் இரண்டு விழுங்கினால் கெடுதல் இல்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால், மாத்திரையைத் திரும்பத் தொடங்கி 7 நாள் ஆணுறையும் பாவிக்க வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸிடமும் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். சீனி, அரிசி கடன் வாங்குவது மாதிரி பக்கத்துக் காம்பராவில் மாத்திரை அட்டை கடன் வாங்குகிறார்கள். அக்காவுக்கு ஒத்துக்கொண்டது தங்கச்சிக்கு ஆபத்தாகலாம். பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மாத்திரை கூடாது. 35 வயதுக்கு மேல் பீடி, சுருட்டு, சிகரெட் குடிப்பவர்களுக்குக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு, பிள்ளைக்கு 6 மாதம் ஆகும் வரை இது ஏற்றதல்ல. கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், முன்பு இரத்தக்கட்டி, பாரிசவாதம், இதயநோய், மார்புப் புற்றுநோய், கடும் ஈரல் நோய் வந்தவர்கள் தொடவே கூடாது. காசநோய்க்கு ரிஃபம்பிசின் எடுப்பவர்களுக்கும் வலிப்புக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களுக்கும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. இவர்களுக்கு லூப், ஊசி என்று வேறு வழிகள் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை கிளினிக்கில் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே அட்டையைக் கையில் வாங்கும் முன் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் வராவிட்டால் சிங்களம் தெரிந்த ஒரு தோழியைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை முன்னால் எந்தத் தாய் மாதவிலக்கைப் பற்றி மனம்விட்டுப் பேசுவாள்?

இரத்தக்கட்டியைப் பற்றிப் பயம் இருக்கிறது. கணக்கைச் சொல்கிறோம். மாத்திரை பாவிக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு அது வருகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரெல் சேர்ந்த மாத்திரை பாவிப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு. பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் ஆபத்து அதைவிட அதிகம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிர் போகவும் கூடும்.

மலை ஏறி இறங்கும் நமக்குக் கால்வலி புதிதல்ல. ஆனால் அது இரண்டு காலிலும் வரும், இரவு படுத்தால் குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சுட்டு நோகிறதா? மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா? இதுவரை வராத கடும் தலைவலியா, பேச்சுக் குழறுகிறதா, பார்வை மங்குகிறதா? கடும் வயிற்றுவலியா, கண் மஞ்சளா? உடனே கூடையை இறக்குங்கள். நிறுவை முடியட்டும் என்று நிற்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மாத்திரை பாவிப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாமியாருக்கும் கணவனுக்கும் தெரியாமல் தேயிலை டின்னுக்குள் அட்டையை ஒளித்து வைக்கும் தங்கச்சிமார் இருக்கிறார்கள். அவசரத்தில் அவளுக்காகப் பேச ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன்மார்களே, அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாமே.

அரைநாளில் மலையை விட்டு இறங்கினால் பேர் போய்விடும் என்ற பயத்தில்தான் நம் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டு கோரிக்கைகளை வரும் பேச்சுவார்த்தையில் வைக்கிறோம். அவசர நோயால் இறங்கும் பெண்ணின் அன்றைய பேரை வெட்டக்கூடாது. கிளினிக் நாளில் போய்வர நேரம் தர வேண்டும். தலைவிமார் கையெழுத்துத் தாளை இன்று லயம் லயமாகக் கொண்டு போகிறார்கள்.

கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள். ஆண்கள் முன்னால் கேட்கக் கூச்சமென்றால், கூட்டம் கலைந்ததும் பிள்ளைமடுவத்தில் இருப்போம், அங்கே வாருங்கள்.