கண் திறந்து தூங்குவது
(புதுச்சேரியில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சிறிய சங்கதி. ஆனால், அதற்குள் மனிதனுடைய பார்வையே அடங்கியிருக்கிறது. அதாவது, சிலர் கண்ணை முழுதும் மூடாமல் தூங்குகிறார்களே, அது என்ன என்பதுதான்.

தேவர்கள் கண் இமைக்க மாட்டார்கள் என்று புராணக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுயம்வரத்தில் ஐந்து நளன்கள் நின்றபோது, இமைத்தவனே மனிதன் என்று தமயந்தி கண்டுகொண்டாளாம். இருக்கட்டும். தேவர்களின் கண்ணை எந்த வைத்தியரும் சோதித்ததில்லை. மனிதன் கண்ணைச் சோதித்திருக்கிறார்கள். அதன் கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. கண்ணீரின் ஈரமே அதற்குக் காவல். இமை மூடாவிட்டால் ஈரம் காய்கிறது. காய்ந்த இடம் புண்ணாகிறது. புண்ணில் கிருமி புகுகிறது. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கிறது.

இப்படித் தூங்குவோர் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. தூக்கத்தில் விழி மேலே சுழன்று இமைக்குள் ஒளிந்துகொள்வதால் பலருக்குக் கெடுதி வருவதில்லை. ஆனால், விடிந்ததும் கண் மணல் விழுந்தாற்போல் உறுத்திச் சிவந்திருந்தால் அது எச்சரிக்கை.

நிற்க, இமையை மூடச்செய்வது முகத்தின் 7-வது நரம்பு. அது திடீரென்று கெட்டால் வாய் கோணும். அந்தப் பக்கத்துக் கண் மூடாது. நம் மக்கள் ‘பேய் அறைந்தது’ என்று வேப்பிலையைத் தேடுகிறார்கள். இங்கேதான் பித்தலாட்டம் நுழைகிறது. இந்த முகவாதம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே குணமாகும். குணமானால் கீர்த்தி பூசாரிக்கு! அதற்குள் கண் காய்ந்து பார்வை போனால் பழி நோயாளியின் தலைவிதிக்கு! இலாபம் ஒருவனுக்கு, நஷ்டம் மற்றவனுக்கு என்னும் இந்த வியாபாரத்தை இன்னும் எத்தனை நாளைக்குப் பொறுப்பது? மூன்று நாளைக்குள் மருந்து துவக்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். அந்த மூன்று நாளைத்தான் மந்திரவாதி தின்றுவிடுகிறான்.

தொழுநோய் இன்னும் பொல்லாதது. அது இமையின் நரம்பையும் கெடுக்கும். கருவிழியின் உணர்ச்சியையும் போக்கும். ஆகவே புண் வந்தும் வலிக்காது. இதை முன்ஜென்ம பாவம் என்றார்கள். 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் இதன் கிருமியைக் கண்டார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. இன்று அது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். மாத்திரையால் தீர்வது பாவமாக இருக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

வைத்தியத்துக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. 1823-ல் பிரஞ்சுக்காரர் இவ்வூரில் துவக்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்ததே ஜிப்மர். தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பகலில் கண்ணீருக்குப் பதிலான சொட்டு மருந்து, இரவில் களிம்பு, அவசியமானால் இமைக்கு அறுவை சிகிச்சை, இவ்வளவுதான். கண்ணில் தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடாதீர்கள்.

தூங்குகிறவனுக்குத் தன் கண் மூடவில்லை என்பது தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவர்தான் சொல்லவேண்டும். ஆகவே தோழர்களே, இன்றிரவே உங்கள் வீட்டாரின் கண்களைக் கவனியுங்கள். சந்தேகமிருந்தால் நாளைக் காலையிலேயே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.