சாமந்தித் தோட்டத்தில் இரவு விளக்கு



கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் என்று ஓர் ஊர். பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. அந்தப் பக்கம் இரவில் பஸ்ஸில் போனால் வயலில் வரிசையாக பல்புகள் எரியும். திருவிழாவோ என்று தோன்றும். திருவிழா இல்லை. அது சாமந்தித் தோட்டம்.

செடிக்கு எதற்கு விளக்கு? சாமந்தி இரவின் நீளத்தைக் கணக்கு வைக்கும் செடி. இரவு நீண்டால் மொட்டு விடும். மார்கழியில் இரவு நீளம். அப்போது நட்ட நாற்று ஒரு சாண் வளரும் முன்பே மொட்டு விட்டுவிடும். செடி குட்டை, பூ கொஞ்சம். நட்டவருக்கு நஷ்டம்.

அதனால் நள்ளிரவை ஒட்டி நான்கு மணி நேரம் விளக்குப் போடுகிறார்கள். பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்கு அணைப்பார்கள். நீண்ட இரவு இரண்டு துண்டாகிறது. செடி மொட்டு விடாமல் உயரமாக வளர்கிறது. செடிக்குச் சோறு போடுவது பகல் வெயில்தான். பல்பு அதை ஏமாற்ற மட்டுமே!

சரி, எந்த பல்பு வாங்குவது? இங்கேதான் பணம் இருக்கிறது. கால் ஏக்கரில் பத்தடிக்கு ஒன்று என்றால் சுமார் 100 பல்பு வேண்டும். 60 வாட் குண்டு பல்பு 100 போட்டால், நான்கு மணி நேரத்துக்கு 24 யூனிட். முப்பது இரவுக்கு 720 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் முப்பது இரவுக்கு 108 யூனிட்தான். குண்டு பல்பு வாங்கும்போது மலிவு. கரண்ட் பில் வரும்போது தெரியும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். பளீரென்ற நீல வெள்ளை நம் கண்ணுக்குப் பிடிக்கும். சாமந்தி கவனிப்பதோ சிவப்பு ஒளியை. ஆகவே மஞ்சள் கலந்த வெள்ளை பல்பாகக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் போதுமா என்று செடியே சொல்லும். ஓரத்துச் செடி மட்டும் சீக்கிரம் மொட்டு விட்டால் அங்கே இருட்டு என்று அர்த்தம். அங்கே ஒரு பல்பு கூடுதலாகக் கட்டுங்கள்.

இனி உயிர்ப் பிரச்சினை. வயலில் தண்ணீர் நிற்கும். ஈரக் காலோடு பழுதான ஒயரைத் தொட்டால் என்ன ஆகும்? மூங்கில் கம்பு நடுங்கள், இரும்புக் குழாய் வேண்டாம். துண்டு துண்டாக முறுக்கிய ஒயர் வேண்டவே வேண்டாம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடச் சொல்லுங்கள்.  மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் எடுப்பவர் தன் பிள்ளைகளையும் அதே வயலில்தான் நடக்க விடுகிறார்.

கடைசியாகத் தேதிக் கணக்கு. விளக்கை நிறுத்தியபின் பூ வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். இரகத்துக்கு இரகம் சில நாள் மாறும். யுகாதிக்குப் பூ வேண்டுமானால், அதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே விளக்கை நிறுத்த வேண்டும். நட்ட தேதி, விளக்குப் போட்ட தேதி, நிறுத்திய தேதி, முதல் பூ பறித்த தேதி நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத்தான் இப்போது தெரியுமே! அடுத்த வருஷம் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நோட்டைப் புரட்டினால் போதும்.