ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்போம்



"புதுமையை வரவேற்கலாம்; ஆனால் எது வரை?" இதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஜொகூர்க்காரர்களான நாம் இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சாப்பாட்டுத் தட்டிலேயே பதில் இருக்கிறது.

லக்சா ஜொகூரைச் சாப்பிட்டிருப்பீர்கள். மற்ற மாநிலங்களின் லக்சாவில் பெரும்பாலும் அரிசி மாவு மீ இருக்கும். நம் லக்சாவிலோ இத்தாலிய ஸ்பெகெட்டி! ஐரோப்பாவுக்குப் போய்வந்த சுல்தான் அபு பாக்கார் அந்த உணவை விரும்பி இங்கே கொண்டுவந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வந்தது ஸ்பெகெட்டி மட்டும்தான். மீனும் தேங்காய்ப்பாலும் மசாலாவும் சேர்ந்த குழம்பு நம் ஊர்க் குழம்பு. அதைக் கையால் சாப்பிடுவதுதான் பழைய வழக்கம். முள்கரண்டி கூடவே வரவில்லை!

இன்னோர் எடுத்துக்காட்டு, ஜொகூர் பாரு அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம். 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கியது. அதன் தலைமை குரு சின்னத்தம்பி சிவசாமி பேங்காக் சென்றிருந்தபோது, அங்கே ஓர் அரச கோயிலின் கண்ணாடி வேலைப்பாடு தூரத்திலிருந்தே மின்னுவதைக் கண்டார். அந்தக் கலையை இங்கே கொண்டுவந்தார். சுமார் 300,000 கண்ணாடித் துண்டுகள் பதித்து 2009-இல் வேலை முடிந்தது. இன்று சுற்றுப்பயணிகள் தேடிவரும் கண்ணாடி ஆலயம் அதுதான். கலை தாய்லாந்தில் கண்டது; கருவறையில் இருப்பவளோ நம் காளியம்மன்தான். எதை எடுப்பது, எதை விடாமல் வைத்திருப்பது என்று தெரிந்து செய்த வேலை அது.

சரி, சாப்பாட்டிலும் கோயிலிலும் காட்டிய இந்தத் தெளிவைப் பிள்ளைகளின் எதிர்காலத்தில் காட்டுகிறோமா?

எஸ்பிஎம் முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இங்கே ஒரே பேச்சுதான். "சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகலாமா?" 1924-இல் திறந்துவைக்கப்பட்ட பாலம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்போ ரிங்கிட்டைவிட அதிகம். "கூட்டாளிகள் எல்லாரும் போகிறார்கள், நானும் போகிறேன்" என்கிறான் மகன். "அதெல்லாம் வேண்டாம், பேசாமல் படி" என்கிறார் அப்பா. நேயர்களே, இருவரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றலாம். உண்மையில் இருவரும் ஒன்றைத்தான் செய்கிறார்கள். பார்க்காமலே முடிவெடுக்கிறார்கள்.

பார்ப்பது என்றால் என்ன? மகனே, ஒரு வாரம் விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து போய்வந்து பார். சம்பளத்தில் பேருந்துக் காசையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்துப் பார். வேலை அனுமதி அந்த முதலாளியோடு இணைந்தது. வேலை போனால் அனுமதியும் போய்விடும். நிரந்தரவாசம் இல்லாத ஊழியருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. இங்குள்ள ஊழியர் சேமநிதியில் நாமாகவே மாதாமாதம் பணம் போட்டால்தான் வயதான காலத்துக்கு ஏதாவது மிஞ்சும். இதையெல்லாம் கூட்டாளி சொன்னானா?

அப்பாக்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கே நல்ல தொழிலைக் கற்றுக்கொண்டு, சேமித்து, திரும்பிவந்து சொந்தக் கடை வைத்தவர்களும் நம்மிடையே உண்டு. அப்படி ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். அதே வாரத்தில் பிள்ளையைப் பொலிடெக்னிக்குக்கும் தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குப் பின் கையில் என்ன தொழில் இருக்கும்? உடம்பு இதைத் தாங்குமா? பிடிக்காவிட்டால் திரும்பிவர வழி இருக்கிறதா?

ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது. ஒருவனுக்கு அந்தப் பாலம் ஏணி. இன்னொருவனுக்கு அது வெறும் அலைச்சல். எது தனக்கு என்று அவனவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள நாம் துணை நிற்போம்.

வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், ருசி பார்த்த பிறகு சொல்வோம்.